கசிந்தால்தான் கேடா? எண்ணெய்க் கிணறும் யார் கையிலோ இருக்கும் கணக்கும்

பிப்ரவரி 6

ஒரு வாசகரின் கேள்வி: "எண்ணெய் எடுப்பதை எதிர்ப்பவர்கள் எப்போது பார்த்தாலும் அந்தக் கவிழ்ந்த கப்பலையும் எண்ணெய் பூசிய பறவையையும்தான் காட்டுகிறார்கள். விபத்து எந்தத் தொழிலில் இல்லை? இன்றைய தொழில்நுட்பத்தில் ஒழுங்காக எடுத்தால் ஒன்றும் ஆகாது. நார்வே எடுக்கவில்லையா? மற்ற இடங்கள் பாழானது அந்தந்த நாட்டு அரசியலின் கோளாறு, எண்ணெயின் கோளாறு இல்லை. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்."

பிப்ரவரி 6, இரவு

அந்தக் கப்பல் கவிழவில்லை, பாறையில் ஏறியது. எக்ஸான் வால்டீஸ், அலாஸ்கா, 1989 மார்ச் 24. அது எண்ணெயை ஏற்றிப்போன கப்பல், எடுத்த கிணறு இல்லை. அந்தப் படத்தைக் காட்டி எண்ணெய் எடுப்பதை எதிர்ப்பவர்கள் மேல் எனக்கும் கொஞ்சம் கடுப்பு உண்டு, அதனால் அந்த அளவுக்கு உங்கள் பக்கம்.

மீதியில் இல்லை. நான் நான்கு வருஷம் கடல் நடுவே ஓர் எண்ணெய் பிளாட்ஃபார்மின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். அந்த நான்கு வருஷத்தில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை. செய்தியில் வரும்படி ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் விபத்து நடக்காத அந்த நாட்களில்தான் எண்ணெய் தினமும் கடலுக்குப் போனது, அனுமதியோடு, கையெழுத்தோடு.

கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் வராது. தண்ணீர் வரும், எரிவாயு வரும், மணல் வரும். தண்ணீர்தான் அதிகம். உலக சராசரியாக ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று பீப்பாய் தண்ணீர் என்று தொழிலில் சொல்வார்கள். வயதான கிணறு என்றால் பத்தைக் கூடத் தாண்டும், அப்போது அது எண்ணெய் கலந்த தண்ணீர்க் கிணறு என்றுதான் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கான வருஷம் பாறைக்குள் கிடந்த உப்புத் தண்ணீர். அதில் பென்சீன், ஃபீனால், பாதரசம், சில இடங்களில் ரேடியம்கூட இருக்கும். குழாயின் உள்சுவரில் அந்த ரேடியம் படிந்து செதில் செதிலாக நிற்கும், பழைய குழாயைக் கழற்றும்போது கதிர்வீச்சு மானியை வைத்துப் பார்த்துத்தான் தொடுவோம்.

அந்தத் தண்ணீரைப் பிரித்து, சுழற்றி, குமிழி விட்டு எண்ணெயை மேலே மிதக்க வைத்து வழித்து, மீதியைக் கடலில் விடுவார்கள். அதில் மிஞ்சும் எண்ணெய்க்கு வட கிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஒப்பந்தத்தில் வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். மெக்சிகோ வளைகுடாவில் மாதச் சராசரி 29, ஒரு நாள் உச்சம் 42. ஒரு பிளாட்ஃபார்ம் நாளுக்கு 10,000 கன மீட்டர் விடுகிறது என்று வையுங்கள், 30 மில்லிகிராம் வீதம் மூன்று டன் எண்ணெய். ஒரு நாளைக்கு. ஒரு பறவைப் படமும் கிடைக்காது.

பிப்ரவரி 7, காலை

கணக்குத் தப்பு. 10,000 கன மீட்டர், ஒரு கன மீட்டருக்கு 30 கிராம், மொத்தம் 300 கிலோ. மூன்று டன் இல்லை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, "ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் என்கிறீர்கள், ஒரு பூஜ்ஜியம் கூடவா பிடிபடவில்லை" என்று குத்தியதற்கும் நன்றி. வருஷத்துக்குச் சுமார் 110 டன் என்று திருத்தி வாசிக்கவும். பூஜ்ஜியம் போனாலும் சொன்ன விஷயம் போகவில்லை என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கு எப்படியோ.

பிப்ரவரி 7, இரவு

பூஜ்ஜியம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

அந்த 30 மில்லிகிராமை அளப்பது எப்படி என்றால், வெளியேறும் குழாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதைத் திறந்து சற்று நேரம் ஓடவிட்டு, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடிக்க வேண்டும். பாட்டிலை அந்தத் தண்ணீரில் அலசக் கூடாது. வேறு எந்த மாதிரி எடுக்கும்போதும் அலசித்தான் பிடிப்போம், இதற்கு மட்டும் கூடாது, ஏனென்றால் அலசும்போதே எண்ணெய் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து பிடிக்கும் தண்ணீரோடு சேர்ந்து கணக்கு ஏறிவிடும். பிடித்ததும் சில மில்லி அமிலம். பிறகு பாட்டில் முழுவதையும் ஒரு பிரிபுனலில் ஊற்றி, காலி பாட்டிலைக் கரைப்பானால் கழுவி, அந்தக் கழுவலையும் அதே புனலில் சேர்த்துக் குலுக்க வேண்டும். கரைப்பான் கனமானது, அடியில் தங்கும், அதை வடித்து அகச்சிவப்புக் கருவியில் வைத்தால் எண் வரும்.

நான் போய்ச் சேர்ந்த புதிதில், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் செய்த மாதிரியே, பாட்டிலிலிருந்து அளவுக்குடுவையில் கொஞ்சம் அளந்து ஊற்றி, அதை மட்டும் குலுக்கி அளந்துகொண்டிருந்தேன். பாட்டிலைக் கழுவிச் சேர்க்கவில்லை. எண் தினமும் இருபதுக்குக் கீழே. எல்லோருக்கும் சந்தோஷம். சில வாரம் கழித்து ஒரு நாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது உள்சுவரில் பழுப்பாக ஒரு படலம், விரல் நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு. அட, நாம் அளக்க வேண்டியது இங்கேயல்லவா உட்கார்ந்திருக்கிறது. கையேட்டை எடுத்துப் படித்து, அன்று முறைப்படி செய்தேன். எண் முப்பதைத் தாண்டியது.

மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி "தண்ணீரில் என்ன ஆச்சு" என்பது இல்லை. "உன் முறையில் என்ன மாற்றினாய்?"

அவரைக் குறை சொல்லவில்லை, அப்படிக் கேட்பதுதான் சரியான கேள்வியும்கூட. பிறகு அவரே நின்று, தண்ணீரைச் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் கருவியின் உறைகளை மாற்ற வைத்தார், எண் இறங்கியது, நிஜமாகவே இறங்கியது. ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, இந்தத் தொழிலில் சுற்றுச்சூழல் என்பது கடலில் இருப்பது போலவே ஒரு பாட்டிலிலும் இருக்கிறது, அந்த பாட்டில் யார் கையில் என்பது பெரிய விஷயம்.

இன்னொன்று. அந்த வரம்பு துளித்துளியாகச் சிதறிய எண்ணெய்க்கு மட்டும். தண்ணீரிலேயே கரைந்துபோன பென்சீனும் ஃபீனாலும் அந்த எண்ணில் வராது.

பிப்ரவரி 9

"தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே செலுத்தலாமே" என்று ஒருவர். செலுத்துகிறார்கள், நிலத்தில் பெரும்பாலும் அதுதான் வழி. ஒக்லஹோமாவில் ஆழத்தில் செலுத்திச் செலுத்தி 2016 செப்டம்பர் 3 அன்று பானி என்ற ஊர்ப் பக்கம் 5.8 அளவுக்கு நிலநடுக்கம். நிலநடுக்கமே அபூர்வமாக இருந்த மாநிலம் அது. பிறகு செலுத்தும் அளவைக் குறைத்தார்கள், நடுக்கமும் குறைந்தது. நல்ல தீர்வு இல்லை என்று சொல்ல வரவில்லை. கடலில் விடுவதைவிட இது மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இலவசமான தீர்வு இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, அதனால் தீ பற்றி.

எண்ணெயோடு வரும் எரிவாயுவைக் கொண்டுபோகக் குழாய் இல்லாத இடத்தில் கோபுரத்தின் உச்சியில் எரித்துவிடுவார்கள். உலகத்தில் 2023இல் மட்டும் இப்படி எரித்தது சுமார் 14,800 கோடி கன மீட்டர் என்று உலக வங்கியின் கணக்கு. செயற்கைக்கோள் மேலிருந்து வெப்பத்தைப் பார்த்துப் போடும் கணக்கு அது. எங்கள் பிளாட்ஃபார்மில் என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தத் தீயை ஏந்திய இரும்புக் கை நீட்டிக்கொண்டிருந்தது. நான்கு வருஷமும் இரவு விளக்கே தேவைப்படவில்லை. காற்று திசை மாறும் இரவுகளில் ஜெட் விமானம் கிளம்பும் சத்தம், ஆனால் கிளம்பவே கிளம்பாத விமானம். பூச்சிகளும் வழி தவறிய பறவைகளும் வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றி வந்து காலையில் தளத்தில் கிடக்கும். (சரி, பறவைப் படம் கடைசியில் என்னிடமும் இருக்கிறது.)

தீ எரிவதைப் பார்த்துத்தான் எல்லோரும் கோபப்படுகிறார்கள். தீ அணைந்திருக்கும்போதுதான் கோபப்பட வேண்டும். எரிந்தால் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. அணைந்துபோனால் மீத்தேன் அப்படியே மேலே போகும், இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் சூடேற்றும். வெப்பத்தைத் தேடும் செயற்கைக்கோளுக்கு அணைந்த தீ தெரியாது. அந்தக் கணக்கில் அந்தக் கோபுரம் உத்தமக் கோபுரம்.

2022இல் அமெரிக்காவின் மூன்று பெரிய எண்ணெய் வயல்கள்மேல் விமானத்தில் பறந்து அளந்த ஓர் ஆய்வு வந்தது. இப்படி எரிப்பதில் 98 சதவீதம் மீத்தேன் அழிந்துவிடும் என்று அதுவரை எல்லோரும் வைத்திருந்த கணக்கு, அளந்தால் 91தான். ஏழு சதவீதம்தானே என்று தோன்றும். தப்பிப்போவது 2இலிருந்து 9ஆகிறது, நான்கு மடங்குக்கு மேல்.

பிப்ரவரி 10

ஜன்னலுக்குத் திரை இல்லையா என்று கேட்டவருக்கு: திரை இருந்தது. போதவில்லை.

பிப்ரவரி 11

நார்வே. கேள்வி கேட்டவர் மூன்றாவது முறையாகக் கேட்கிறார், தப்பிக்க வழியில்லை.

நார்வே செய்தது பெரிய காரியம், இதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. 1969இல் வட கடலில் எக்கோஃபிஸ்க் என்ற பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது. எண்ணெய் பெருக்கெடுக்கும் முன்பே, 1971இல், எண்ணெயை எப்படி ஆள்வது என்று பத்து கொள்கைகளை நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். எரிவாயுவைச் சும்மா எரிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. 1991இலேயே கார்பன் வரி. வருமானத்தை 1990 சட்டப்படி ஒரு நிதியில் போட்டு, முதல் பணம் 1996இல் போய்ச் சேர்ந்தது, இப்போது வருஷத்துக்கு அதில் 3 சதவீதம் போலத்தான் செலவுக்கு எடுப்பது என்று ஒழுங்கு.

இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்களில் ஒருவர் ஃபாரூக் அல் காசிம், ஈராக்கைச் சேர்ந்த புவியியலாளர். தாய்நாட்டு எண்ணெய்த் தொழிலில் நல்ல பதவியில் இருந்தவர், மகனின் சிகிச்சைக்காக மனைவியின் நாடான நார்வேக்கு 1968இல் குடிபோனார், வேலை தேடி ஆஸ்லோவில் அமைச்சகத்துக்குள் போய் நின்றார். ஈராக்கில் கற்றதை அவர் ஈராக்குக்குச் செய்ய முடியாமல் வட துருவத்துப் பக்கம் செய்தார். "அது நாட்டின் கோளாறு" என்று சொல்லும் முன் இந்த ஓர் ஆளை நினைத்துப் பாருங்கள். அறிவு இல்லாததால் இல்லை. ஈராக்கின் எண்ணெய் அப்போதும் வெளிநாட்டு நிறுவனக் கூட்டமைப்பின் கையில் இருந்தது, ஒப்பந்தம் எழுதியபோது அந்த நாடு பிரிட்டனின் ஆதிக்கத்தில் இருந்தது.

நார்வேயிலும் சும்மா வரவில்லை. 1980 மார்ச்சில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற, தொழிலாளர்கள் தங்கும் மிதக்கும் தளம் கவிழ்ந்து 123 பேர் செத்தார்கள். எக்கோஃபிஸ்கில் எண்ணெயை உறிஞ்ச உறிஞ்சக் கடலடியே அமுங்கி, 1987இல் அத்தனை பெரிய இரும்பு மேடைகளையும் ஜாக்கி வைத்து ஆறு மீட்டர் தூக்கினார்கள். ஊரே சேர்ந்து வீட்டைத் தூக்கிக் கல் வைப்பது மாதிரி, நடுக்கடலில்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதைக் காலையில் படித்தால் நார்வே தூதரகத்தில் வேலை கேட்பவன் மாதிரி இருக்கிறது.

ஒரு பீப்பாய் எண்ணெயால் வரும் கார்பனில் பெரும்பகுதி அதை எடுக்கும்போது வருவதில்லை, எரிக்கும்போது வருவது. அதை வாங்கியவன் நாட்டில் எரிக்கிறான், அந்தக் கணக்கு வாங்கியவன் பெயரில். கரையிலிருந்து மின்சாரம் இழுத்துப் பிளாட்ஃபார்மை ஓட்டி "சுத்தமான எண்ணெய்" என்று விற்பது, புகைக்காத கைகளால் சுருட்டு விற்பது போல. புதிய எண்ணெய் உரிமங்களுக்கு எதிராக இந்த வாதத்தோடு ஒரு வழக்கு நார்வே உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைப்புகள் தோற்றன. நானும் அந்தச் சுருட்டுக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவன்தான், அதனால் குரலை ரொம்ப உயர்த்தவில்லை.

பிப்ரவரி 15

"மோசமான ஆட்சி" வாதத்துக்கு நைஜீரியாவில் ஒகோனி மக்கள் வாழும் நிலத்தைப் பார்க்க வேண்டும். அந்த நாட்டில் முதல் வணிகக் கிணறு 1956, ஒலோய்பிரி என்ற ஊரில். ஒகோனி மக்கள் எழுந்து நின்று, 1993இல் ஷெல் நிறுவனம் அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. 1995 நவம்பர் 10 அன்று அந்தப் போராட்டத்தை வழிநடத்திய எழுத்தாளர் கென் சாரோ விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் அபாச்சாவின் ராணுவ அரசு தூக்கிலிட்டது. 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அங்கே மண்ணையும் தண்ணீரையும் சோதித்து அறிக்கை தந்தது. பதினெட்டு வருஷமாக எண்ணெயே எடுக்காத நிலம். பல இடங்களில் ஐந்து மீட்டர் ஆழத்துக்கும் கீழே எண்ணெய். ஓகாலே என்ற ஊரில் ஜனங்கள் குடிக்கும் கிணற்றில் பென்சீன், உலக சுகாதார அமைப்பின் அளவைப்போல 900 மடங்கு. நிலத்தடி நீர்மேல் எட்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு எண்ணெய் மிதந்தது. சுத்தம் செய்ய 25 முதல் 30 வருஷம் ஆகும் என்றது அறிக்கை. வேலையைத் தொடங்கவே 2016 ஆயிற்று.

எட்டு சென்டிமீட்டர். ஒரு விரல் நீளம். பாட்டில் சுவரில் ஒரு படலத்தைப் பார்த்து அதிர்ந்தவன் நான், அங்கே வாளியை இறக்கினால் முதலில் எண்ணெயைத்தான் தொடும்.

இப்படி வெளிவந்த எண்ணெயை அங்கே எரிக்கவும் சட்டம் இருந்தது, தடுக்கவும் சட்டம் இருந்தது. 1984 ஜனவரி 1 முதல் அனுமதி இல்லாமல் எரிவாயு எரிக்கக் கூடாது என்று 1979 சட்டம். எரித்தார்கள், அமைச்சரின் அனுமதியோடு. கடைசித் தேதி தள்ளித் தள்ளிப் போனது. 2005இல் ஒரு நீதிமன்றம் எரிப்பது வாழும் உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பே சொல்லியது. தீ எரிந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 16

இரண்டு திருத்தம், இரண்டும் எனக்கு வலிக்கிற திருத்தம்.

ஒன்று, ஓகாலேயில் மிதந்தது கச்சா எண்ணெய் இல்லை, சுத்திகரித்த எண்ணெய். பக்கத்தில் போன குழாய் அரசு நிறுவனத்தின் குழாய். அதை எண்ணெய் எடுத்ததன் கணக்கில் நேற்று எழுதியது சரியில்லை. இரண்டு, "வெளிவந்த எண்ணெயை எரிக்கவும்" என்று எழுதியிருக்கிறேன், எரிவாயு என்று வந்திருக்க வேண்டும், தூக்கக் கலக்கம்.

கேள்வி கேட்டவர் முதல் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, அரசுதான் குற்றவாளி" என்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். குழாயை உடைத்து எண்ணெய் திருடுபவர்கள், காட்டுக்குள் அடுப்பு வைத்துக் காய்ச்சுபவர்கள் செய்த நாசமும் அதே அறிக்கையில் இருக்கிறது. ஆனால் எண்ணெய் நிறுவனம் என்பது அங்கே அரசுக்கு வெளியே நிற்கும் அந்நியன் இல்லை, அரசின் கூட்டாளி. ஒரே கிணற்றில் இருவருக்கும் பங்கு. அரசாங்கத்துக்கு வருமானம் ஜனங்களின் வரியிலிருந்து வராமல் குழாயிலிருந்து வந்தால் அது ஜனங்களுக்குப் பதில் சொல்வதைவிடக் குழாய்க்குக் காவல் போடுவதில்தான் கவனமாக இருக்கும். கோளாறு எண்ணெயிலா ஆட்சியிலா என்று கேட்டால், எண்ணெய் முந்துகிறதோ திரி முந்துகிறதோ கதைதான்.

2025 மார்ச்சில் ஷெல் தன் நைஜீரிய நிலப்பகுதித் தொழிலை பெரும்பாலும் உள்நாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு விற்று முடித்தது. ஆழ்கடலை வைத்துக்கொண்டது.

பிப்ரவரி 20

பாட்டில் யார் கையில் என்று சொன்னேன் அல்லவா, அதன் பெரிய வடிவம் மகோண்டோ, மெக்சிகோ வளைகுடாவில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் கிணறு. 2010 ஏப்ரல் 20, அதைத் துளைத்த டீப்வாட்டர் ஹொரைசன் தளம் வெடித்து 11 பேர் இறந்தார்கள், 87 நாள் கிணறு திறந்து கிடந்தது. முதலில் நாளுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள். பிறகு 5,000. கடைசியில் அரசு நியமித்த விஞ்ஞானிகள், கசிவின் தொடக்க நாட்களில் நாளுக்கு 62,000 பீப்பாய் வந்தது என்றார்கள்.

அபராதம் பீப்பாய்க் கணக்கில். ஆகவே நீதிமன்றத்தில் சண்டை கடலைப் பற்றி நடக்கவில்லை, எண்ணிக்கையைப் பற்றி நடந்தது. அரசு தரப்பு கடலில் கலந்தது சுமார் 42 லட்சம் பீப்பாய் என்றது, பிபி 24.5 லட்சம் என்றது, நீதிபதி 2015இல் 31.9 லட்சம் என்று தீர்ப்பளித்தார். சந்தையில் பேரம் படிந்த மாதிரி நடுவில் வந்து நிற்கிறது பாருங்கள். (அவர் காரணங்களை விரிவாக எழுதியிருக்கிறார், பேரம் என்று சொல்வது அநியாயம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

கரைக்கும் ரசாயனம் சுமார் 70 லட்சம் லிட்டர் ஊற்றினார்கள், ஒரு பகுதியைக் கடலடியில் கிணற்று வாயிலேயே. எண்ணெய் போகவில்லை, நுண்துளியாகி நீருக்குள் பரவியது. கரைக்கு வந்து சதுப்பு நிலத்தை மூடுவதைத் தடுக்க அது தேவைப்பட்டது என்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு, எது குறைந்த கேடு என்று அந்த இடத்தில் நின்று முடிவெடுப்பது சுலபமில்லை. ஆனால் மேலே மிதந்தால் படம் பிடிக்கலாம், எண்ணலாம். கீழே போனதை எண்ண முடியாது.

பிப்ரவரி 23

"எடுக்காமலே விட்டவன் யாராவது உண்டா?" உண்டு, மாதிரி. எக்வடோர் நாட்டின் யாசுனி காடு. 2007இல் அதிபர் கொரேயா உலகத்தைப் பார்த்து, காட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணெயைத் தொடாமல் விடுகிறோம், அதன் மதிப்பில் பாதி 360 கோடி டாலரைத் தாருங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். 2013இல் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒன்றரைக் கோடி டாலர்கூட வரவில்லை. துளைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று நாடே ஓட்டுப் போட்டு சுமார் 59 சதவீதம் பேர் நிறுத்து என்றார்கள். ஒரு வருஷம் கெடு. 2024 ஆகஸ்டில் முதல் கிணற்றை மூடினார்கள், 200க்கு மேற்பட்ட கிணறுகளில் முதல் கிணற்றை.

இதை எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் எழுதினேன்.

பிப்ரவரி 24

நிமிர்ந்த நெஞ்சு கொஞ்சம் சுருங்கியது. அந்த ஓட்டில், கிணறுகள் இருக்கும் ஒரெயானா மாகாணத்தில் பெரும்பான்மை எடுக்கச் சொல்லித்தான் போட்டது. அங்கே சம்பளமும் சாலையும் அந்தக் கிணற்றிலிருந்து வருகிறது. அதே மாகாணத்தில் காட்டுக்குள் வாழும் வவோரானி மக்களில் பலர் இந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்கள். ஆகவே "உள்ளூர் மக்கள் எதிர்க்கிறார்கள்" என்று ஒரே வரியில் எழுதுபவர்களும், "உள்ளூர் மக்கள் ஆதரிக்கிறார்கள்" என்று ஒரே வரியில் எழுதுபவர்களும் யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரரை மறைக்கிறார்கள்.

மார்ச் 2

ஒரு வாரமாக எழுதவில்லை, வேலை. இடையில் நீங்கள் எல்லோரும் மின்சாரக் கார் பற்றி அடித்துக்கொண்டீர்கள், அதற்குள் நான் வரவில்லை.

விட்டுப்போனது செத்த கிணறு. எண்ணெய் தீர்ந்த கிணற்றை சிமென்ட் போட்டு அடைக்க வேண்டும், மேலே குழாயை வெட்டி மூட வேண்டும். செலவு உண்டு, வருமானம் இல்லை. அதனால் என்ன நடக்கும்? பெரிய நிறுவனம் கிழட்டுக் கிணற்றைச் சின்ன நிறுவனத்துக்கு விற்கும், சின்னது இன்னும் சின்னதுக்கு, கடைசிக்காரர் திவால். கிணறு அனாதை. தொழிலிலும் அனாதைக் கிணறு என்றுதான் பெயர்.

நிலத்தில் ஒரு முறை அப்படி ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், மழை விட்ட மறுநாள். இடுப்பு உயரத்துக்குத் துருப்பிடித்த குழாய், வால்வில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பூட்டும் துரு. அடியில் ஒரு குட்டை. குட்டையில் ஓரிடத்தில் மட்டும் சோறு கொதிக்கிற மாதிரி குமிழி, மெதுவாக, ஒன்று, ஒன்று, பிறகு மூன்று சேர்ந்து. குழாய்க்கும் பாறைக்கும் இடையில் போட்ட சிமென்ட் சுருங்கி விரிசல் விட்டால் வாயு அந்த வழியே ஏறிவரும். வாசனைகூட இல்லை. அதற்குப் பத்தடி தள்ளி ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. நான் அளக்க எதுவும் கொண்டுபோகவில்லை, கொண்டுபோயிருந்தாலும் யாரிடம் கொடுப்பது, உரிமையாளர் இல்லையே.

அமெரிக்காவில் மட்டும் கைவிடப்பட்ட கிணறுகள் 30 லட்சத்துக்கு மேல் என்று அவர்களின் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிடுகிறது, பாதிக்கு மேல் அடைக்கப்படாதவை. 2021இல் அடைப்பதற்கு அரசு 470 கோடி டாலர் ஒதுக்கியது, அதாவது வரி கட்டுபவர்கள். ஏன் நிறுவனங்களிடம் முன்பணம் பிடித்துவைக்கவில்லை? பிடித்தார்கள். அரசு நிலத்தில் ஒரு குத்தகைக்குக் குறைந்தபட்ச ஈட்டுத்தொகை 10,000 டாலர் என்று 1960இல் வைத்தார்கள். அந்த எண் மாறியது 2024இல், 1,50,000 ஆயிற்று. அறுபத்து நான்கு வருஷம் ஒரே எண். இவ்வளவு பேசினோமே அரசியல் அரசியல் என்று, எனக்குத் தெரிந்து எண்ணெய் அரசியல் என்பது தூக்குமரத்தில் மட்டும் நடப்பதில்லை, இப்படி ஒரு எண்ணை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதிலும் நடக்கிறது.

கனடாவில் 2019இல் உச்ச நீதிமன்றம் ரெட்வாட்டர் வழக்கில், திவாலான நிறுவனத்தின் மிச்சப் பணத்தில் கிணறு மூடும் செலவுதான் முதலில், வங்கிக் கடன் பிறகு என்றது. எனக்குப் பிடித்த தீர்ப்பு.

மார்ச் 3

"அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள், நாளைக்கே மூடச் சொல்கிறீர்களா?" இல்லை. புதிதாக எடுக்க ஆரம்பிக்கும் நாடுகள் கையெழுத்துப் போடும் முன் மூடும் செலவையும் விபத்துச் செலவையும் யார் தருவது என்று எழுதிவாங்கட்டும் என்கிறேன். கயானாவைப் பாருங்கள். 2016 ஒப்பந்தத்தில் 2 சதவீதம் உரிமைத்தொகை, மாத உற்பத்தியில் 75 சதவீதம் வரை நிறுவனங்கள் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம், மீதியில் பாதிப் பாதி. ஆரம்பத்தில் நாட்டுக்கு வருவது நூற்றுக்குப் பதினான்கரை. 2023 மே மாதம் அங்கே உயர் நீதிமன்றம் விபத்துக்கு வரம்பில்லாத உத்தரவாதம் தர வேண்டும் என்றது. அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து 200 கோடி டாலர் உத்தரவாதம் போதும் என்றது. மேல்முறையீட்டில் அரசுத் துறை நின்றது நிறுவனத்தின் பக்கம். மெக்சிகோ வளைகுடாவில் பிபிக்கு ஆன செலவு 6,500 கோடி டாலருக்கு மேல்.

கேள்வி கேட்டவர் "இதில் எனக்கும் உடன்பாடு" என்கிறார். ஒரு மாதமாகியது. கொண்டாடுவோம்.

மார்ச் 9

நேற்று ஒருவர் தனியாகக் கேட்டார்: அந்த பாட்டில் கதையில், முறையை மாற்றும் முன் சில வாரம் தப்பாக அளந்தீர்களே, அந்த எண்கள் என்ன ஆயின?

உட்கார்ந்து யோசித்தேன். உறைகளை மாற்றினோம், புது முறை எழுதிச் சுவரில் ஒட்டினோம், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை, இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. மாத இறுதியில் அறிக்கை போனது. பழைய வாரங்களுக்கு நேரே பழைய எண்களே இருந்தன, இருபதுக்குக் கீழே. கீழே "மாதிரி எடுத்தவர்" என்ற இடத்தில் என் கையெழுத்து. யாரும் திருத்தச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.